அடுப்படியின் வரவுசெலவுத் திட்டம்

(அரிப்பில் நடைபெற்ற தாய்மார் கூட்டத்தில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



கையிலுள்ள சிறு பணத்தைக்கொண்டு ஒரு கிழமைக்கான வீட்டுச் சமையலை எவ்வாறு திட்டமிடுவது என்பதைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். சட்டத்தரணிக்கு அடுப்படியில் என்ன அலுவல் என்று யாரேனும் நகைக்கலாம். நகைப்பவர்கள் இந்நாட்டின் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்க்கட்டும். 1953-ஆம் ஆண்டிலே ஒரு கொத்து அரிசியின் பங்கீட்டு விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தினார்கள். பள்ளிப் பிள்ளைகளின் மதிய உணவையும் நிறுத்தினார்கள். அவ்வாண்டு ஆகஸ்ட் 12-ஆம் நாள் நாடே எழுந்தது. மந்திரிசபை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலொன்றில் ஏறிக் கூடிற்று. இரண்டு மாதங்களில் பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார். 1962-இல் அரிசிப் பங்கீட்டைக் குறைக்க முனைந்த பீலிக்ஸ் டயஸ் பண்டாரநாயக்கா நிதி அமைச்சை இழந்தார். 1966-இல் இரண்டு கொத்து ஒரு கொத்தாயிற்று. இழந்த கொத்தைச் சந்திர மண்டலத்திலிருந்தாவது கொண்டுவந்து தருவோம் என்ற வாக்குறுதி 1970-இல் தேர்தல் மேடையேறியது. ஆகவே சோற்றுக் கணக்கு அரசியற் கணக்கே என்று நான் கூறினால் அது என் கற்பனையன்று.

சிக்கனம் என்னும் சொல்லைக் கேட்டாலே எனக்குச் சினம் வருவதுண்டு. வயிறு நிறைந்தவன் பசித்தவனுக்குப் போதிக்கும் போதனையாகவே அது பெரும்பாலும் வருகிறது. அரிப்பின் தாய்மார்க்குச் சிக்கனத்தைக் கற்பிக்க நான் வரவில்லை. 2007-இல் கட்டிய துணியோடு இடம்பெயர்ந்து, முகாம்களிலே கஞ்சிக்கு வரிசையில் நின்று, வெறுங்கையோடு திரும்பி வந்து அடுப்பு மூட்டியவர்களுக்கு அதைப்பற்றி என்ன சொல்ல இருக்கிறது? நான் சொல்லவிருப்பது கணக்கு. கணக்குத் தெரிந்தவனை ஏமாற்றுவது கடினம்.

2023 ஜூலையில் அஸ்வெசும உதவித்திட்டம் தொடங்கியபோது, அதிவறிய குடும்பமொன்றுக்கு மாதம் 15,000 ரூபா என வகுத்தார்கள். ஆண்டுக்குப் பன்னிரண்டு மாதம், கிழமையோ ஐம்பத்திரண்டு. வகுத்துப் பார்த்தால் கிழமைக்கு 3,461 ரூபா. தாய், தந்தை, மூன்று பிள்ளைகள் என்று ஐவர் இருக்கும் வீட்டிலே ஆளொருவருக்கு ஒரு நாளைக்கு 99 ரூபா. மூன்று வேளை என்றால் வேளைக்கு 33 ரூபா. வறிய குடும்பம் என்று அடுத்த படியில் வைக்கப்பட்டவர்களுக்கு மாதம் 8,500. அது நாளொன்றுக்கு ஆளுக்கு 56 ரூபா. 2025-இல் இத்தொகைகளை முறையே 17,500 ஆகவும் 10,000 ஆகவும் உயர்த்தினார்கள். அதே ஆண்டின் தொடக்கத்திலே தேங்காய் ஒன்றின் விலை 200 ரூபாவைத் தாண்டியதையும் நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள்.

இனி அடுப்படிக்கு வருவோம்.

கிழமைப் பணம் கைக்கு வந்த அன்றே அரிசியை வாங்கிவிடுங்கள்; அதன்பின் பருப்பு; அதன்பின் உப்பு, மிளகாய், தேங்காய், எரிபொருள். எஞ்சியதே மற்றவற்றுக்கு. ஐவருக்குக் கிழமைக்கு ஒன்பது கிலோ அரிசி வேண்டுமென்றால், நாளில் ஒரு வேளையைக் குரக்கனுக்கோ மரவள்ளிக்கோ ஒடியலுக்கோ ஒதுக்குங்கள். ஆறு கிலோ போதும். தீட்டி வெளுத்த பச்சையரிசியைவிடப் புழுங்கல் அரிசியில் உயிர்ச்சத்து மிகுதி. அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்து மணிக்குள்ளே இறங்கிவிடுகிறது. நம் பாட்டிமார் குத்தரிசி உண்டது வறுமையால் மட்டுமன்று.

பருப்பை ஏழையின் கறி என்று இகழ்வார் உளர். ஒரு கிலோ மைசூர்ப் பருப்பில் ஏறக்குறைய 240 கிராம் புரதம் உண்டு. அவ்வளவு புரதத்தை மீனிலிருந்து பெற, முள்ளும் தலையும் நீக்கிய தசை ஒரு கிலோவுக்கு மேல் வேண்டும். அரிசியில் குறைந்திருக்கும் புரதக்கூறு பருப்பில் நிறைந்திருப்பதால், சோறும் பருப்பும் சேரும்போது ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகிறது. பிள்ளைக்குச் சோறும் சொதியும் மட்டும் கொடுத்தால் வயிறு நிறையும், உடல் வளராது. அந்தச் சோற்றிலே ஒரு கரண்டிப் பருப்பும், வேலியோரத்து முருங்கையிலையில் ஒரு பிடியும் சேருமாயின், கடைக்காரனுக்குக் கூடுதலாகக் கொடுக்கவேண்டியது பருப்பின் விலை மட்டுமே. முருங்கையிலைக்கு இன்னும் யாரும் வரி விதிக்கவில்லை. முசுட்டை, பொன்னாங்காணி, வல்லாரை ஆகியவற்றுக்கும் அவ்வாறே.

மீனைப் பற்றி உங்களுக்கு நான் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பதாகும். ஆயினும் ஒன்றைச் சொல்லாமல் விடமுடியாது. இவ்வூரின் நண்டும் இறாலும் பெருமீனும் ஐஸ் பெட்டியில் ஏறிக் கொழும்புக்குப் போகின்றன. அந்தப் பணத்திலே கோதுமை மாவும் சீனியும் திரும்பி வருகின்றன. இது புதியதன்று. இக்கடலில் முத்துக் குளித்த காலத்திலும், ஆங்கிலேய அரசு மூன்றில் இரண்டு பங்கு சிப்பியை எடுத்துக்கொண்டு, மூச்சடக்கி மூழ்கியவனுக்கு மூன்றில் ஒன்றையே விட்டது. ஆளுநர் நோர்த் கட்டிய மாளிகை கடலரிப்பினால் இடிந்து நிற்பதை நீங்கள் நாள்தோறும் காண்கிறீர்கள். பெருமீனை விற்பதை நான் தடுக்கவில்லை. விற்காமல் கடன் தீராது. ஆனால் விலை போகாத சூடையையும் சாளையையும் நெத்தலியையும் வீட்டுக்கென்று எடுத்துவையுங்கள். முள்ளோடு உண்ணும் சிறுமீனில் எலும்புக்கு வேண்டிய சுண்ணச்சத்தும் கிடைக்கிறது. பாடு மிகுந்த நாளில் உலர்த்திவைத்த கருவாடு, சோழகம் வீசி வள்ளம் கரையில் கிடக்கும் மாதங்களில் துணைநிற்கும்.

பனை நிற்கும் ஊர் பட்டினியாய்க் கிடக்கலாகாது. பனங்கொட்டையைப் பாத்தியிட்டால் மூன்று நான்கு மாதத்தில் கிழங்கு. பச்சையாய்ப் பிளந்து காயவைத்தால் ஒடியல். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். ஒடியல்மாவை நீரில் ஊறவிட்டுப் பிழிந்து கைப்பைப் போக்கி, புளியும் செத்தல்மிளகாயும் இட்டு, மரவள்ளித்துண்டும் பயிற்றங்காயும் கிடைத்த சிறுமீனும் சேர்த்துக் கூழாக்கினால், ஐவர் வீட்டுக்கு ஒரு மாலை உணவு ஒரே பானையில் முடிந்துவிடும், விறகும் மிச்சம். மரவள்ளியை மூடாத பானையில் அவித்து நீரை வடித்துவிடவேண்டும். அதில் ஒருவகை நஞ்சு உண்டு, அது நீரோடும் ஆவியோடும் போய்விடும். இன்று கூழ் கொழும்பு விடுதிகளில் விருந்தாய் விற்கப்படுகிறதாம். நம் பிள்ளைகளோ பாணுக்கு அழுகிறார்கள்.

இவ்வளவையும் செய்தபின்னும் பணம் போதவில்லை என்று ஒரு தாய் சொன்னால், அவள் திட்டமிடத் தெரியாதவளல்லள். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். முந்திய ஆண்டு நூறு ரூபாவுக்கு வாங்கிய உணவு கிட்டத்தட்ட 195 ரூபா. அதற்கு முந்திய மாதம் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் ஏறிற்று. கடலுக்குப் போகவும் வழியில்லை, விளக்கேற்றவும் வழியில்லை. எந்தக் கைதேர்ந்த இல்லத்தரசியும் இதைச் சமாளிக்கும் சமையற்குறிப்பை எழுதிவிட முடியாது.

இங்கேதான் சட்டம் வருகிறது. கூப்பன் காலத்திலே ஒரு கொத்து என்றால் ஒரு கொத்து; விலை ஏறினாலும் கொத்து குறுகாது. 1979-இல் பங்கீட்டை ஒழித்து உணவு முத்திரை தந்தார்கள். முத்திரையில் அச்சிட்டது ரூபா. விலை ஏற ஏற முத்திரை சுருங்கிற்று. சில ஆண்டுகளில் அதன் வாங்கும் ஆற்றல் பெரும்பகுதி கரைந்துபோயிற்று. இன்றைய உதவிப்பணத்திலும் அதே குறை இருக்கிறது. விலைச்சுட்டி ஏறினால் தொகையும் தானே ஏறவேண்டும் என்ற விதி அதில் இல்லை. அரசு மனம் வைத்தால் உயரும். மனம் வைப்பது தேர்தலுக்கு முன்னரா பின்னரா என்பதை நீங்களே அறிவீர்கள்.

1978-ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, 27-ஆம் உறுப்புரையில், போதிய உணவு உள்ளிட்ட வாழ்க்கைத்தரத்தை எல்லாக் குடிகளும் அடைவது அரசின் குறிக்கோள் என்று கூறுகிறது. மகிழ்ச்சி. இரண்டு உறுப்புரை தள்ளி, 29-இல், இதைக்கொண்டு எந்த நீதிமன்றிலும் வழக்காட முடியாது என்றும் கூறுகிறது. வலக்கையால் தந்ததை இடக்கையால் எடுத்துக்கொள்வது இதுவே. இந்தியாவின் அரசியலமைப்பிலும் இத்தகைய தத்துவங்கள் வழக்காட முடியாதவையே. எனினும் 2001-இல், களஞ்சியங்களில் தானியம் குவிந்துகிடக்க மக்கள் பட்டினியால் வாடியபோது, குடியியல் உரிமை இயக்கமொன்று உயிர்வாழும் உரிமையை முன்னிட்டு உச்ச நீதிமன்றம் சென்றது. அவ்வாண்டு நவம்பர் 28-ஆம் நாள், பள்ளிகளில் சமைத்த மதிய உணவு வழங்கவேண்டும் என்று மன்று கட்டளையிட்டது. 2013-இல் உணவுப் பாதுகாப்புச் சட்டமே வந்தது. அச்சட்டம் ஆளுக்கு மாதம் ஐந்து கிலோ தானியம் என்று எடையில் பேசுகிறது. நம் அரசியலமைப்பில் உயிர்வாழும் உரிமை வெளிப்படையாக எழுதப்படவில்லை. அடுத்த அரசியலமைப்பைப் பற்றிப் பேச வருவோரிடம் நாம் கேட்கவேண்டியவற்றுள் இதுவும் ஒன்று. எல்லையையும் அதிகாரத்தையும் மட்டும் கேட்டுவிட்டுப் பானையை மறந்துவிடலாகாது.

அதுவரை கையிலிருக்கும் சட்டத்தையாவது பயன்படுத்துவோம். 2003-ஆம் ஆண்டின் நுகர்வோர் அதிகாரசபைச் சட்டத்தின்படி கடைக்காரர் விலைப்பட்டியலைக் கண்ணிற்படும்படி வைக்கவேண்டும்; கேட்டால் பற்றுச்சீட்டும் தரவேண்டும். பொதியில் அச்சிட்ட உச்ச விலைக்கு மேல் ஒரு சதமும் கொடுக்கவேண்டியதில்லை. கடன் கொப்பி கடையில் மட்டும் இருந்தால் போதாது. உங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கட்டும், ஒவ்வொரு நாளும் இரண்டிலும் எழுதப்படட்டும். ஐம்பது கிராம் தேயிலைப் பொதியை இருபது முறை வாங்குபவர், ஒரு கிலோவை ஒருமிக்க வாங்குபவரைவிடக் கூடுதலாகவே கொடுக்கிறார். பத்து வீடுகள் சேர்ந்து பணம் போட்டு மூடையாக வாங்கிப் பிரித்துக்கொள்ளுங்கள். உலகப்போர்க் காலத்தில் சங்கக்கடைகள் நாடெங்கும் பெருகியது இதன் பொருட்டே. நானாட்டான் கமக்காரர் இங்கே அமர்ந்திருக்கிறார்கள். நெல்லுக்கும் கருவாட்டுக்கும் நடுவே தரகர் ஏன் நிற்கவேண்டும் என்பதை இன்றே இரு தரப்பாரும் பேசிக்கொள்ளலாம்.

உதவிப்பணம் மறுக்கப்பட்டவர்கள் சிலர் வந்திருப்பதாக அறிகிறேன். மறுப்புக் கடிதம், அடையாள அட்டை, குடும்பத்தவர் விபரம் ஆகியவற்றோடு முன்வரிசைக்கு வாருங்கள். மேன்முறையீட்டை எழுதிக் கையொப்பமிடும் வரை நான் இவ்விடத்திலேயே இருப்பேன்.