செய்தி நம்மை எட்டிய வழி



தோட்டத்து லயங்களில் ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிக்க, எழுத்தறியாதவர்கள் சுற்றியிருந்து கேட்ட காலம் உண்டு. 1924இல் கோலாலம்பூரில் தொடங்கிய ‘தமிழ் நேசன்’ அப்படிக் காதுவழியாகவும் பரவியது. படிப்பவர் விட்டுவிட்டால் செய்தியும் விட்டுப்போகும்.

வானொலி வந்தும், வால்வுப் பெட்டிக்கு மின்சாரமோ கனத்த பேட்டரியோ வேண்டியிருந்தது. 1947இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. 1954இல் கைக்கு அடக்கமான டிரான்சிஸ்டர் வானொலி விற்பனைக்கு வந்தது. அதற்குச் சிறு பேட்டரியே போதும். பிற்பாடு, பால்மரம் வெட்டித் திரும்பியவரும் யார் துணையுமின்றிச் செய்தி கேட்டார்.

இன்று கைப்பேசியில் எவரும் செய்தி அனுப்பலாம். பத்திரிகைக்கும் வானொலிக்கும் பொறுப்பாளர் உண்டு; கைமாறி வரும் துணுக்குக்கு இல்லை. ஆகவே, பெற்றோர்களே, பிறருக்கு அனுப்புமுன் ‘சொன்னவர் யார்?’ என்று பிள்ளைகளோடு சேர்ந்து விசாரியுங்கள்.