பிள்ளைகள் சொல்லட்டும்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது)



போன ஆண்டு விழாவில் நம் பிள்ளைகள் நன்றாகப் பேசினார்கள், கை தட்டினோம். ஆனால் அவர்கள் பேசியது பெரும்பாலும் பெற்றோர் எழுதிக் கொடுத்தது. நானும் என் மகளுக்கு எழுதிக் கொடுத்தவன்தான்.

ஹவாய்த் தீவுகளில் வேறு மாதிரி செய்கிறார்கள். அங்குள்ள பொதுத் தொலைக்காட்சியில் 2011 முதல் 'ஹிக்கி நோ' என்றொரு நிகழ்ச்சி வருகிறது. ஹவாய் மொழியில் அதற்கு 'முடியும்' என்று பொருள். பள்ளி மாணவர்களே பேட்டி எடுத்து, படம் பிடித்து, தொகுத்துத் தருகிறார்கள். வீட்டுப் பெரியவர்கள், ஊர் வழக்கம், தங்களுக்குப் பிடித்த கலை என்று எல்லாம் அதில் வரும்.

அந்தத் தீவுகளில் ஒன்றான கவாயில், ஹனாபேபே என்ற ஊரில், சில குடும்பங்கள் தலைமுறைகளாக உப்பு எடுக்கின்றன. அந்த உப்பை அவர்கள் விற்பதில்லை. பிறருக்குக் கொடுப்பார்கள், அல்லது பண்டமாற்று செய்துகொள்வார்கள்.

அதைப் படித்தபோது எனக்கு மரக்காணம் நினைவுக்கு வந்தது. புதுச்சேரி போகும் வழியில் உப்பளத்தின் முன்னால் நின்று நாம் எல்லோரும் படம் எடுத்திருக்கிறோம். அங்கே வேலை செய்பவர்களிடம் பேசியிருக்கிறோமா? விடியும் முன்பே பாத்தியில் இறங்குகிறார்கள். தரையைக் காலால் மிதித்து இறுக்கி, உப்புநீர் பாய்ச்சி, விளைந்ததைப் பலகையால் வாருகிறார்கள். வெள்ளை உப்பில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணைக் கெடுக்கிறது. பெருமழை பெய்தால் பாத்தியில் விளைந்தது கரைந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் வேலையே இல்லை. அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் பாடப்புத்தகம் இல்லாமலே தெரியும்.

அரசுப் பள்ளி மாணவர்களுக்காகப் பள்ளிக்கல்வித் துறை 2022இல் 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' இதழ்களைத் தொடங்கியது. அவற்றில் மாணவர்களின் படைப்புகளும் வருகின்றன. நாமும் சிறிதாக ஒன்று செய்யலாம்.

முதலில், நம் பிள்ளைகள் இங்கேயே தொடங்கட்டும். வாசலில் இருக்கும் காவலர் அண்ணனிடமோ, வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடமோ அனுமதி கேட்டு, அவர்கள் ஊரைப் பற்றிப் பேசி எழுதட்டும். அடுத்து, பொங்கலுக்குப் பிறகு உப்பளத்தில் வேலை தொடங்கியதும் மரக்காணத்துப் பள்ளி ஒன்றை அணுகுவோம். அந்தப் பிள்ளைகளின் கதையை நாம் சொல்ல வேண்டாம். அவர்களே எழுதட்டும். நம் இதழில் இரண்டு பக்கம் ஒதுக்குவோம்.

ஒரே ஒரு வேண்டுகோள்: பெரியவர்கள் யாரும் அதைத் திருத்தி எழுத வேண்டாம். நானும் எழுத மாட்டேன்.