புள்ளி மறைந்தால் நோய் போய்விட்டதா?

(செல்லப் பிராணிகள் பற்றிய தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



நான் ஸ்ரீ கெம்பாங்கானில் குடியிருப்பவன். எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு கடல்நீர் மீன் தொட்டி இருக்கிறது. நாயையும் பூனையையும் பற்றி முன்னால் பேசியவர்கள் நன்றாகச் சொல்லிவிட்டார்கள். குரைக்கவும் கத்தவும் தெரியாத மீனுக்காக நான் இரண்டு வார்த்தை பேச வந்திருக்கிறேன்.

முதலில் என் தவற்றைச் சொல்லிவிடுகிறேன். மகள் ஆசைப்பட்டாள் என்று நீல நிற டாங் மீன் ஒன்றை வாங்கி, அன்று மாலையே தொட்டியில் விட்டேன். ஒரே வாரத்தில் அதன் உடம்பில் உப்பைத் தூவியது போல் வெள்ளைப் புள்ளிகள். பாறையில் போய்ப் போய் உராய்ந்தது. கடையில் ஒரு புட்டி மருந்து கொடுத்தார்கள். ஊற்றினேன். மூன்றாம் நாள் புள்ளிகளைக் காணோம். வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆனால் அடுத்த பத்து நாளில் டாங் மட்டுமல்ல, தொட்டியில் இருந்த ஏழு மீன்களும் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்து மிதந்தன. "நோய் போயிடுச்சின்னு சொன்னீங்களே அப்பா?" என்று மகள் கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. அதைத் தேடித்தான் படிக்கத் தொடங்கினேன்.

இந்த நோய்க்குக் காரணம் கிரிப்டோகேரியோன் இரிட்டன்ஸ் என்ற ஒட்டுண்ணி. 1937-இல் ஜப்பானில் சிகாமா என்பவர் இதை விவரித்தார். 1951-இல் பிரவுன் என்பவர் இந்தப் பெயரை வைத்தார்.

இது மீனின் தோலுக்குள்ளும் செவுளிலும் புகுந்து 3 முதல் 7 நாள்வரை தின்று வளரும். நம் கண்ணுக்குத் தெரியும் புள்ளி அதுதான். வளர்ந்ததும் தானாகவே மீனை விட்டு இறங்கி, மணலிலோ பாறையிலோ ஒட்டிக்கொண்டு, தன்னைச் சுற்றி உறை கட்டிக்கொள்ளும். பெரும்பாலும் 3 முதல் 28 நாளுக்குள் உறை திறந்து, ஒன்றிலிருந்து 200 குஞ்சுகள்வரை நீந்தி வரும். ஓரிரு நாளில் மீன் கிடைக்காவிட்டால் அவை செத்துவிடும்.

இப்போது புரிகிறதா நேயர்களே? என் மீனில் புள்ளி மறைந்தது மருந்தால் அல்ல. எதிரி பெருகுவதற்காகக் கீழே இறங்கியிருந்தான், அவ்வளவுதான்!

தோலுக்குள் இருக்கும்போதும் உறைக்குள் இருக்கும்போதும் மருந்து அதை எட்டாது. நீந்தும்போது மட்டுமே கொல்ல முடியும். ஆகவே புள்ளியைப் பார்த்து மருந்தை நிறுத்தக்கூடாது. நாட்காட்டியைப் பார்த்துத்தான் நிறுத்த வேண்டும்.

என்ன செய்யலாம்? எல்லா மீன்களையும் மணல், பாறை இல்லாத வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். ஒளிந்துகொள்ள நான்கு பிளாஸ்டிக் குழாய்த் துண்டுகள் போதும். அங்கே செம்பு மருந்து கொடுக்கலாம். கரைந்த செம்பு லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம்வரை குறைந்தது மூன்று வாரம் நிற்க வேண்டும். குறைந்தால் பலன் இல்லை, கூடினால் மீனுக்கே நஞ்சு. பரிசோதனைப் பெட்டியால் தினமும் அளந்து பாருங்கள். முதன்மைத் தொட்டியில் மட்டும் செம்பை ஊற்றிவிடாதீர்கள். பவளமும் இறாலும் செத்துவிடும். மணலும் பாறையும் மருந்தை உறிஞ்சிக்கொள்ளும்.

செம்பு வேண்டாம் என்பவர்களுக்கு வேறு வழியும் உண்டு. 1980-களில் இஸ்ரேலின் ஏலாத் நகரில் கொலோர்னி என்ற ஆய்வாளர் காட்டிய வழி அது. மூன்று நாளுக்கு ஒருமுறை, நான்கு தடவை, மீனைச் சுத்தமான, காய்ந்த தொட்டிக்கு மாற்றுவது. உறை திறப்பதற்குள் மீன் இடம் மாறிவிடும்.

இதற்கிடையே பழைய தொட்டி மீனே இல்லாமல் ஆறு வாரத்திற்குக் குறையாமல் கிடக்கட்டும். இரண்டரை மாதம் என்றால் இன்னும் பாதுகாப்பு.

இது வீட்டுப் பொழுதுபோக்குக்கு மட்டும் உரிய பாடமன்று. கிள்ளானுக்கு அருகில் பூலாவ் கெத்தாமில் மிதவைக் கூண்டுகளில் சியாக்காப்பும் கெராப்புவும் வளர்க்கிறார்கள். கடலில் மீன் வளர்ப்பவர்களுக்கும் ஒட்டுண்ணிகள் பெருந்தொல்லை. கெராப்புவின் இரத்தம் குடிக்கும் கடல் அட்டை ஒன்றுக்கு, இலங்கையின் அறுகம்பைப் பெயரையே வைத்திருக்கிறார்கள். நன்னீரில் மீனைக் குளிப்பாட்டினால் அட்டை விழுந்துவிடும். ஆனால் அது இட்ட முட்டைக்கூடு வேறிடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். அங்கும் இதே கதைதான்.

மீன் திடீரென மூச்சுவாங்கினால், தங்கத்தூள் பூசியது போல் தெரிந்தால், ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். அது வெல்வெட் நோயாக இருக்கலாம். இன்னும் வேகமாகக் கொல்லும். கால்நடை மருத்துவரிடம் கேட்க வெட்கப்பட வேண்டாம். நம் பக்கத்து செர்டாங்கில், புத்ரா பல்கலைக்கழகத்தில் மீன் நோய்களை ஆராய்கிறார்களே!

எல்லாவற்றிலும் எளிது வருமுன் காப்பது. புதிய மீனை முதல் 30 நாள் தனியே வையுங்கள். ஒரு சிறு தொட்டியின் விலை ஏழு உயிர்களை விட அதிகமில்லை. இப்போதெல்லாம் எங்கள் வீட்டில் புது மீன் வந்தால், நாட்காட்டியில் அந்த 30 நாளைக் குறித்து வைப்பவள் என் மகள்தான்.