நிலமும் வழியும்
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



"நம் கிராமங்களில் வாழ்வு, உடைமை, பயணம்" என்னும் பொருளில் பேசுமாறு விழாக் குழுவினர் பணித்துள்ளனர். மூன்று சொற்களாகத் தோன்றினாலும் இவை ஒரே பொருளைப் பற்றியவை. ஒருவனுக்கு நிலம் உண்டா இல்லையா என்பதே அவன் எவ்வாறு வாழ்கிறான், எந்த வழியில் நடக்கிறான், எதற்காக ஊரை விட்டுப் புறப்படுகிறான் என்பவற்றை முடிவு செய்து வந்திருக்கிறது. வாலாஜாபேட்டையைச் சுற்றியுள்ள சேரிகளின் வரலாற்றைக் கொண்டே இதனை விளக்க முற்படுகிறேன்.

பாலாற்றங்கரை ஊர்களின் பழைய அமைப்பைப் பெரியோர் அறிவர். நடுவே ஊர், அதற்கு அப்பால் வயல், வயலுக்கும் அப்பால் சேரி. ஏரி நீராலும், ஆற்று மணலில் வெட்டிய ஊற்றுக்கால் நீராலும், கவலை இறைத்த கிணற்று நீராலும் நெல்லும் கேழ்வரகும் நிலக்கடலையும் விளைந்தன. கவலைச் சாலுக்குத் தோல் பதப்படுத்தித் தைத்துத் தந்தவர்கள் சேரி மக்கள். ஏரி மதகைத் திறந்து எந்த வயலுக்கு எவ்வளவு நீர் என்று பகிர்ந்து விட்ட நீர்க்கட்டியும் சேரியைச் சேர்ந்தவரே. ஆயக்கட்டின் ஒவ்வொரு மடையையும் அறிந்திருந்த அந்த மனிதருக்கு ஆயக்கட்டில் ஒரு காணி நிலம் இல்லை. களத்துமேட்டில் அவருக்கு அளந்த சில படி தானியமே அவருடைய உரிமை எனப்பட்டது.

நிலத்தில் உழைத்தவர் படியாள் என்றும் பண்ணையாள் என்றும் பெயர் பெற்றார். திருமணத்திற்கோ நோய்க்கோ பெற்ற சிறு கடன், தலைமுறைக் கட்டாக மாறியது. குடியிருந்த குடிசையின் அடிமனையும் அவருடையது அன்று. "காலி செய்" என்று நிலத்துக்குடையவர் ஒரு சொல் சொன்னால், கூலியோடு கூரையும் போய்விடும். இந்த அச்சமே அவரை வாய் பேசாதவராக வைத்திருந்தது. பணிவு சேரியின் பிறவிக் குணம் என்று சிலர் கருதினார்கள். உண்மையில் அது மனைப்பட்டா இல்லாமையின் விளைவாகும்.

இதனை அரசின் ஏட்டில் விரிவாகப் பதிவு செய்தவர் செங்கற்பட்டு மாவட்டப் பொறுப்பு ஆட்சியராக இருந்த திரெமென்ஹீர். 1891 அக்டோபரில் அவர் அனுப்பிய அறிக்கை மூன்று குறைகளைச் சுட்டிக்காட்டியது. குடியிருக்கும் மனை சொந்தமில்லை, சாகுபடிக்கு நிலமில்லை, கல்வி இல்லை. தரிசு நிலம் கேட்டுத் தர்க்காஸ்து மனு கொடுத்தாலும், மிராசுதாரருக்கே முன்னுரிமை என்ற விதி குறுக்கே நின்றது. இவ்வறிக்கையின் பயனாக 1892 செப்டம்பர் 30ஆம் நாள் சென்னை அரசு 1010ஆம் எண் வருவாய்த் துறை ஆணையைப் பிறப்பித்தது. அதன் வழியே ஒடுக்கப்பட்ட மக்களுக்கென ஒதுக்கப்பட்ட நிலங்களையே பஞ்சமி நிலம் என்றும், ஆங்கிலச் சுருக்கத்தால் டி.சி. நிலம் என்றும் அழைக்கிறோம். சென்னை மாகாணம் முழுவதிலும் ஏறத்தாழ 12 இலட்சம் ஏக்கர் இவ்வாறு வழங்கப்பட்டதாகக் கூறப்படுகிறது.

இந்த நிலத்தோடு வந்த நிபந்தனையை ஒவ்வோர் இளைஞரும் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். முதற் பத்தாண்டுகளில் நிலத்தை விற்கவோ, அடமானம் வைக்கவோ, தானமாகத் தரவோ, குத்தகைக்கு விடவோ கூடாது. பத்தாண்டுகளுக்குப் பின்னும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே மாற்றலாம். மீறி மற்றவர் கைக்குச் சென்றால் அரசு அதனை மீட்டுக்கொள்ளலாம். ஏழையின் வறுமையே அவனுடைய நிலத்துக்குப் பகையாகும் என்று உணர்ந்து போட்ட வேலி இது.

வேலி இருந்தும் பயிர் மேயப்பட்டது. கைமாற்றுக் கடனுக்கு ஈடாகவும், பத்து மூட்டை நெல்லுக்காகவும், வெற்றுத்தாளில் வைத்த கைரேகையாலும் நிலங்கள் கைநழுவின. பட்டா, அடங்கல், சிட்டா என்னும் சொற்களை அறிந்தவர் கணக்குப்பிள்ளை, அறியாதவர் நிலத்துக்குரியவர். பரம்பரைக் கிராம அலுவலர் பதவிகள் 1980இல் ஒழிக்கப்பட்டன. அதற்குள் பல ஏடுகளில் பெயர்கள் மாறிவிட்டிருந்தன. பின்னர்ப் புதிய நில உடைமைப் பதிவேடுகள் எழுதப்பட்டபோது, பழைய ஏட்டில் இருந்த நிபந்தனைக் குறிப்பு பல இடங்களில் விடுபட்டுப் போயிற்று. 1994 அக்டோபர் 10ஆம் நாள் செங்கற்பட்டில், காரணை ஊர்ப் பஞ்சமி நிலத்தை மீட்கக் கோரிய போராட்டத்தின்போது நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்னும் இரு இளைஞர்கள் உயிர் நீத்தனர். ஓர் அரசாணையை நடைமுறைப்படுத்துங்கள் என்று கேட்டதற்கு அவர்கள் கொடுத்த விலை அது.

இனி வழியைப் பற்றிச் சொல்கிறேன். கடல் கடந்து செல்வதை மட்டுமே நாம் பயணம் என்று எண்ணுகிறோம். சேரியிலிருந்து கடைத்தெருவுக்குச் செல்வதே ஒரு காலத்தில் நம்மவர்க்கு மிக அரிய பயணமாக இருந்தது. ஊர்த்தெருவில் செருப்பணிந்து நடக்க இயலாது. மணமக்களை வண்டியேற்றிக் கொண்டு செல்ல இயலாது. 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில், பொதுச் சாலைகளும் கிணறுகளும் குளங்களும் அலுவலகங்களும் எல்லா வகுப்பாருக்கும் உரியவை என்னும் தீர்மானத்தை இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் கொண்டுவந்து நிறைவேறச் செய்தார். "தெருவில் நடக்கலாம்" என்பதற்கே ஒரு தீர்மானம் தேவைப்பட்ட நாடு இது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

அந்தத் தீர்மானத்திற்குப் பின்னும் வழி முற்றிலும் திறந்துவிட்டதா? 2019 ஆகஸ்டில் வாணியம்பாடியை அடுத்த நாராயணபுரத்தில் நடந்ததை நீங்கள் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். சுடுகாட்டுக்குச் செல்லும் வழி பிறருடைய நிலத்தால் அடைபட்டிருந்தமையால், இறந்தவரின் உடலைப் பாலாற்றுப் பாலத்தின் மீதிருந்து கயிறு கட்டிக் கீழே இறக்க நேர்ந்தது. சென்னை உயர்நீதிமன்றம் தானாகவே முன்வந்து அதனை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. நிலமும் வழியும் ஒன்றே என்று நான் தொடக்கத்தில் சொன்னதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. பிறன் பெயரில் உள்ள பட்டா, நம் இறுதிப் பயணத்தையும் தடுக்க வல்லது.

இத்தகைய ஊரிலிருந்து நம் முன்னோர் வெளியேறியதில் வியப்பில்லை. அதற்கு வாய்ப்பாகத் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இருப்புப்பாதையே நம் வாயிலுக்கு வந்தது. 1856 ஜூலை 1ஆம் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை பொதுமக்களுக்காக இரயில் ஓடத் தொடங்கியது. அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து, 1860 நவம்பர் 16ஆம் நாள், சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச் சென்ற ட்ரூரோ என்னும் கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறையை அடைந்தது. நேட்டாலுக்குச் சென்ற தமிழரில் வட ஆர்க்காடு மாவட்டத்தவர் மிகுதி. 1876 முதல் 1878 வரை நிலவிய தாது வருடப் பஞ்சம் இன்னும் பல்லாயிரவரைத் துரத்தியது. மலேயா, பர்மா, இலங்கை, மொரீசியஸ் என்று சிதறினர். ஒரு பகுதியினர் சுமத்திராத் தீவின் டெலிப் பகுதிக்குச் சென்று, டச்சுக்காரரின் புகையிலைத் தோட்டங்களில் சாலை போட்டனர், மாட்டுவண்டி ஓட்டினர். அவர்கள் வழித்தோன்றல்கள் இன்றும் மேடான் நகரில் வாழ்கின்றனர்.

அதே சுமத்திராத் தீவின் மேற்குப் பகுதியில் மினாங்கபாவு என்னும் உழவர் குடியினர் உள்ளனர். அவர்களுடைய கிராம முறையை இங்கே ஒப்பிட்டுக் காண்பது பயன் தரும். அங்கே மூதாதையர் விட்டுச் சென்ற வயல், தாய்வழியில் பெண்களுக்கு இறங்குகிறது. அதனைத் தனியொருவர் விற்க மரபு இடம் தருவதில்லை. அடமானம் வைப்பதற்கும் நான்கே காரணங்கள்: வீட்டில் கிடக்கும் பிணத்தை அடக்கம் செய்தல், வயது வந்த பெண்ணை மணம் முடித்தல், ஒழுகும் குலவீட்டைப் பழுது பார்த்தல், குலத்தலைவர் பட்டத்தை நிலைநாட்டுதல். இளைஞர்கள் பொருளும் கல்வியும் தேடி வெளியூர் செல்வது அங்கே நெடுநாள் வழக்கம். அதற்கு மெரந்தாவ் என்று தனிப்பெயரே உண்டு. சென்றவன் தோற்றுத் திரும்பினாலும், தாயின் வயல் அங்கேயே இருக்கும்.

நம்மவர் புறப்பட்டதற்கும் அவர்கள் புறப்படுவதற்கும் உள்ள வேற்றுமை இதுவே. நிலத்தை வீட்டில் வைத்துவிட்டுச் செல்வது பயணம். நிலமின்மையால் செல்வது துரத்தப்படுதல். 1892ஆம் ஆண்டு ஆணையின் நிபந்தனையும், மினாங்கபாவு மரபும் ஒரே நோக்கம் கொண்டவை. அங்கே நிலத்தைக் குலமே காத்தது. இங்கே காப்பை அரசு ஏட்டில் எழுதி வைத்தது. ஏட்டைக் காக்க நமக்கு எழுத்தறிவு இல்லாதிருந்தது.

ஆயினும் துரத்தப்பட்டவர்கள் வெறுங்கையோடு திரும்பவில்லை. நமக்கு மிக அணுக்கமான பயணம் கோலார் தங்கவயலுக்குச் சென்றது. 1880 முதல் ஜான் டெய்லர் குழுமத்தார் அங்கே சுரங்கம் நடத்தினர். வட ஆர்க்காட்டுச் சேரிகளிலிருந்து ஜோலார்பேட்டை வழியாகக் குடும்பம் குடும்பமாகச் சென்றனர். சுரங்கத்தின் ஆழமும் வெப்பமும் தூசியால் வந்த நுரையீரல் நோயும் பலரை விழுங்கின. எனினும் மாதந்தோறும் கூலி காசாகக் கிடைத்தது. படியளந்து தந்து தலை குனியச் சொல்பவர் அங்கில்லை. அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்தில் கிளை இருந்தது. பண்டிதர் 1907இல் தொடங்கிய தமிழன் இதழ், அவர் 1914இல் மறைந்த பின்னர், அப்பாதுரையார் முயற்சியால் தங்கவயலிலிருந்து மீண்டும் வெளிவந்தது. விடுமுறைக்கு வந்த தங்கவயல்காரர், பெட்டியில் புத்தகமும் இதழும் கொண்டு வந்தார். நம் சேரிகளில் கல்வி ஆர்வம் பரவியதில் அவர்களுக்குப் பெரும்பங்கு உண்டு. 2001இல் அச்சுரங்கம் மூடப்பட்டபோது, அங்கு வாழ்ந்த குடும்பங்களுக்கு மீண்டும் அதே கேள்வி எழுந்தது: திரும்பிச் செல்ல நிலம் எங்கே?

தோல் தொழிலையும் சொல்லாமல் விட இயலாது. இராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடித் தொழிற்சாலைகள் நம் மக்களுக்குப் பண்ணையிலிருந்து விடுதலை தந்தன என்பது உண்மை. அவற்றின் கழிவுநீர் பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்தது என்பதும் உண்மை. 1996 ஆகஸ்ட் 28ஆம் நாள் உச்சநீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2025 ஜனவரி 30ஆம் நாள் தீர்ப்பிலும் இழப்பீட்டை வற்புறுத்தியது. ஆனால் கெட்டுப்போன நிலத்துக்கு என்று அளிக்கும் ஈடு, நிலப் பத்திரம் உடையவருக்கே போய்ச் சேரும். அந்த வயலில் நாற்று நட்டுக் கூலி பெற்றவள் எந்த ஏட்டிலும் இல்லை.

இன்று நம் ஊருக்கே தொலைவிலிருந்து கூலிகள் வருகின்றனர். 2015 ஜனவரி 31ஆம் நாள் இராணிப்பேட்டைச் சிப்காட்டில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த 10 பேர் மாண்டனர்; பெரும்பாலோர் மேற்கு வங்கத்தினர். டெலியிலும் நேட்டாலிலும் நம் பாட்டனார் எப்படி இருந்தனரோ, அப்படியே அவர்கள் இங்கே இருக்கின்றனர். அவர்களை அயலாராகக் கருதுதல் நமக்குத் தகாது.

இளைஞர்களே, 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் நூற்றுக்கு 20 பேர் நம்மவர். சாகுபடி நிலத்தில் நம் பங்கு அதில் பாதியைக்கூட எட்டவில்லை. வீட்டு மனைக்காக 1971இல் குடியிருப்பு உரிமைச் சட்டமும், 1978இல் ஆதிதிராவிடர் நலத்துக்கு நிலம் கையகப்படுத்தும் சட்டமும் வந்தன. சட்டங்கள் இருக்கின்றன, அவற்றைப் படித்துக் கேட்பவர் குறைவு. ஆகவே மூன்று பணிகளை வேண்டுகிறேன்.

முதலாவது, நம் வட்டத்தின் ஒவ்வொரு கிராமத்துக்கும் பழைய செட்டில்மெண்டு பதிவேட்டையும், இன்றைய அ-பதிவேட்டையும் நகலெடுத்து, புல எண் வாரியாக ஒப்பிட்டு, இச்சங்கத்தில் வைக்க வேண்டும். 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் மனு எழுதக் கல்லூரி மாணவர் ஒருவர் போதும். இரண்டாவது, சுடுகாட்டுப் பாதை, வாய்க்கால் வரப்பு, பள்ளிக்குச் செல்லும் வழி ஆகியவை வருவாய் ஏட்டில் பாதையாகப் பதிவாகியுள்ளனவா என்று பார்க்க வேண்டும். வழக்கத்தால் நடக்கும் வழியை ஒரு வேலி மூடிவிடும். ஏட்டில் ஏறிய வழியை மூடினால் கேட்க இடமுண்டு. மூன்றாவது, இனிப் பெறும் மனையும் நிலமும் வீட்டுப் பெண்கள் பெயரிலும் அமைய வேண்டும். வட்டிக்கடைக்கும் மதுக்கடைக்கும் எட்டாத இடம் பெரும்பாலும் அதுவே.

நம் பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் செல்லட்டும். உயர்ந்த பதவிகளில் அமரட்டும். ஆனால் ஊரில் ஒரு மனையையேனும், அதற்குரிய பட்டாவையேனும் விட்டுவிட்டுச் செல்லட்டும். இருபத்தைந்து ஆண்டுகளாக இச்சங்கம் எழுத்தறிவித்து வந்துள்ளது. அந்த எழுத்தைக் கொண்டு முதலில் படிக்க வேண்டியது நம் நிலத்தின் ஏட்டையே.