யாருக்காக இந்தப் பரிசோதனை?

(நம் ஆலயப் பொன்விழாவையொட்டி மாதர் சங்கமும் வின்சென்ட் தே பவுல் சபையும் சேர்ந்து நடத்திய கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



பொன்விழாக் கூட்டத்தில் பேசச் சொன்னால் கோவில் கட்டிய கதையைப் பேசுவதே வழக்கம். அஸ்திவாரக் கல் வைத்தது யார், மணி வாங்கித் தந்தது யார், கொடிமரம் எங்கிருந்து வந்தது என்பதையெல்லாம் நம் பெரியவர்கள் விழா மலரில் எழுதித் தருகிறார்கள். நமக்கு மாதர் சங்கத்தார் கொடுத்த பொருள் வேறு. "சாமி, கொரோனா காலத்தில் பிள்ளை பெறப் போன பெண்களை எல்லாம் ஏன் மூக்கில் குச்சி விட்டுப் பார்த்தார்கள்? அதனால் சில வீடுகளில் உண்டான மனத்தாங்கல் இன்னும் தீரவில்லை. அதைப் பற்றிப் பேசுங்கள்" என்று கேட்டார்கள்.

நாம் வைத்தியர் அல்ல. குருமடத்தில் நாம் படித்தது தத்துவமும் வேதசாஸ்திரமும்தான். ஆயினும் மருத்துவர்களிடம் கேட்டும், தாதியராக ஊழியம் செய்யும் அருட்சகோதரிகளிடம் விசாரித்தும், வாசித்தும் அறிந்துகொண்டதைச் சொல்லுகிறோம். இந்தப் பொருளில் நம்முடைய சொந்தக் குறை ஒன்றும் உண்டு. அதையும் மறைக்காமல் சொல்லுவோம்.

நியூயார்க்கில் கண்டது

2020-ஆம் ஆண்டு மார்ச் 11-ஆம் தேதி உலக சுகாதார நிறுவனம் கொரோனாவை உலகப் பெருந்தொற்று என்று அறிவித்தது. அந்த மாதத்தில் அமெரிக்காவின் நியூயார்க் நகரம் பட்ட பாட்டை நீங்கள் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். அங்கே கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மருத்துவமனைகளுக்குப் பிரசவத்திற்காக வந்த இரண்டு பெண்களுக்கு, வரும்போது காய்ச்சலும் இல்லை, இருமலும் இல்லை. எல்லாரையும் போல அனுமதித்தார்கள். பின்னர் அவ்விருவருக்கும் நோய் கடுமையாகி, தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. அதுவரை அவர்களைத் தொட்டுப் பணிவிடை செய்த மருத்துவர்களும் தாதிகளும் தக்க பாதுகாப்பு இல்லாமலே நின்றிருந்தார்கள்.

இதன் பிறகே, மார்ச் 22 முதல், பிரசவத்திற்கு வரும் ஒவ்வொரு பெண்ணையும் பரிசோதிப்பது என்று முடிவு செய்தார்கள். ஏப்ரல் 4 வரையான இரண்டு வாரங்களில் 215 பெண்கள் பிள்ளை பெற வந்தார்கள். அவர்களில் 4 பேருக்கு மட்டுமே நோயின் அறிகுறி இருந்தது. நால்வருக்கும் தொற்று உறுதியாயிற்று. அறிகுறி எதுவும் இல்லாத 211 பேரில் 210 பேரைப் பரிசோதித்தார்கள். அவர்களில் 29 பேருக்குத் தொற்று இருந்தது. அதாவது, நல்ல சுகத்தோடு நடந்து வந்த பெண்களில் ஏறக்குறைய ஏழு பேருக்கு ஒருவர்! காய்ச்சலை மட்டும் பார்த்து உள்ளே விட்டிருந்தால், மொத்தம் 33 பேரில் 29 பேரைத் தெரியாமலே விட்டிருப்பார்கள்.

இந்தக் கணக்கு அதே ஏப்ரல் மாதத்தில் மருத்துவப் பத்திரிகையில் வெளிவந்தது. பரிசோதனை பிழையற்றது என்று அவர்கள் சொல்லவில்லை. தொற்று இல்லை என்று முடிவு வந்த ஒரு பெண்ணுக்குப் பிரசவத்திற்குப் பின் அறிகுறி தோன்ற, மூன்று நாள் கழித்து மறுபடி பார்த்தபோது தொற்று இருந்தது என்பதையும் அவர்களே எழுதியிருக்கிறார்கள்.

ஏன் கர்ப்பிணிகள்?

"எத்தனையோ நோயாளிகள் இருக்க, பிள்ளைத்தாய்ச்சிதானா கிடைத்தாள்?" என்று ஒரு பாட்டி நம்மிடம் கேட்டார். நியாயமான கேள்விதான். குடலிறக்கத்திற்கு அறுவை செய்ய வேண்டியவர் ஒரு மாதம் பொறுக்கலாம். கண் புரைக்கு ஆறு மாதம் பொறுக்கலாம். பிரசவ வேதனை பொறுக்காது. ஊரடங்கு என்றாலும், தொற்று என்றாலும், பிள்ளை பிறக்கும் வேளையில் பிறந்தே தீரும். ஆகவே அந்நாட்களில் ஆஸ்பத்திரிக்கு வந்தே ஆக வேண்டிய சுகமுள்ள ஜனம் என்றால் அது கர்ப்பிணிகளே. மேலும், பிரசவ அறையில் தாய் மணிக்கணக்காக மூச்சிரைத்து வேதனைப்படுகிறாள். அருகிலே தாதி, மருத்துவர், மயக்க மருந்து கொடுப்பவர், துப்புரவுப் பணியாளர் என்று பலர் நிற்கிறார்கள். அடுத்த கட்டிலில் இன்னொரு தாய். அவள் பக்கத்தில் அன்று பிறந்த சிசு. ஒருவருக்குத் தொற்று இருப்பது தெரிந்தால் தனி அறை கொடுக்கலாம், பாதுகாப்பு உடை அணியலாம். தெரியாவிட்டால் அந்த வார்டு முழுவதும் ஆபத்து.

நம் நாட்டிலும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020 ஏப்ரலில் ஒரு விதி சொன்னது. தொற்று மிகுந்த பகுதிகளில் வசிக்கும் கர்ப்பிணிகள், பிரசவ வலியோடு வந்தாலும், ஐந்து நாட்களுக்குள் பிரசவம் ஆகக்கூடியவராக இருந்தாலும், அறிகுறி இல்லாவிட்டாலும் பரிசோதிக்கப்பட வேண்டும் என்பது அவ்விதி. ஆனால் அடுத்த மாதமே, மே 18-ஆம் தேதி வெளியிட்ட அறிவிப்பில் இன்னொன்றையும் தெளிவாகச் சொன்னது: பரிசோதனை நடக்கவில்லை என்ற காரணத்தால் பிரசவம் உட்பட எந்த அவசர சிகிச்சையும் தாமதப்படக் கூடாது. முதல் விதியை எல்லா ஆஸ்பத்திரிகளும் கேட்டன. இரண்டாம் விதி எல்லார் காதிலும் விழவில்லை.

இரண்டு வகைப் பரிசோதனை

கர்ப்பிணிகளைக் கிருமிக்காகப் பரிசோதிப்பது நமக்குப் புதிது அல்ல. இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலாக 1986-இல் சென்னையில்தான் கண்டறியப்பட்டது. இன்று கர்ப்பிணிகளுக்கு அந்தப் பரிசோதனை வழக்கமாகிவிட்டது. சிகிச்சை இல்லாவிட்டால் அக்கிருமி தாயிடமிருந்து பிள்ளைக்குப் போகும் வாய்ப்பு நூற்றுக்கு 15 முதல் 45 வரை. தக்க மருந்து கொடுத்தால் 5-க்கும் கீழே இறங்கிவிடுகிறது. அங்கே பரிசோதனையின் பலன் நேராக அந்தத் தாயின் கைக்கும் அவள் பிள்ளையின் வாய்க்கும் வந்து சேருகிறது.

கொரோனாப் பரிசோதனை அப்படியல்ல. தொற்று இருந்த தாய்க்கு நோய் முற்றினால் முன்கூட்டிக் கவனிக்கலாம் என்ற நன்மை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அறிகுறியே இல்லாத பெண்ணைப் பரிசோதித்ததன் பெரும் பலன் யாருக்குக் கிடைத்தது? தாதிக்கு, மருத்துவருக்கு, பக்கத்துக் கட்டில் தாய்க்கு, வெளியே இருந்த நமக்கு! சுமை யாருக்கு? அவளுக்கு. தனி அறை அவளுக்கு. துணைக்கு ஆள் இல்லாத வேதனை அவளுக்கு. வீட்டு வாசலில் அடித்த தகரம் அவளுக்கு. நியூயார்க்கிலும் சில ஆஸ்பத்திரிகள் கணவனைக்கூட உள்ளே விட மறுத்தன. மார்ச் 28-ஆம் தேதி மாநில ஆளுநர் உத்தரவிட்ட பிறகே ஒரு துணைக்கு இடம் கிடைத்தது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் முதலில் தொற்றுள்ள தாயையும் சிசுவையும் தற்காலிகமாகப் பிரித்து வைக்கச் சொன்னது; ஜூலை மாதத்தில் தன் ஆலோசனையை மாற்றிக்கொண்டது. முகக்கவசம் அணிந்து, கை கழுவி, தாய் பிள்ளைக்குப் பால் கொடுக்கலாம், அருகிலேயே வைத்துக்கொள்ளலாம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை.

ஒருவர் பிறருக்காகச் சுமை சுமந்தால், அந்தப் பிறர் அவருக்குக் கடன்பட்டவர்கள் ஆகிறார்கள். இது வேதசாஸ்திரம் படிக்காதவர்களுக்கும் விளங்கும் நியாயம். அந்தக் கடனை நாம் கொடுத்தோமா?

நம் குறை

2020 ஜூலை மாதம். நம் பங்கைச் சேர்ந்த ஒரு மகளுக்கு இரண்டாம் பிரசவம். பெயர் சொல்ல வேண்டியதில்லை. அவள் அனுமதியோடுதான் சொல்லுகிறோம். இரவு பத்து மணிக்கு வலி எடுத்தது. மாதந்தோறும் காட்டி வந்த தனியார் ஆஸ்பத்திரிக்கே போனார்கள். பரிசோதனை முடிவு கையில் இல்லை என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். ஆட்டோவில் சுற்றி அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர நள்ளிரவு ஆயிற்று. அங்கே ஒரு கேள்வியும் கேட்காமல் சேர்த்துக்கொண்டு, ஒரு பக்கம் மாதிரி எடுத்து அனுப்பி, மறு பக்கம் பிரசவம் பார்த்தார்கள். ஆண் குழந்தை. மறுநாள் முடிவு வந்தது: தொற்று உண்டு. காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை.

வீடு திரும்பியபோது தெரு மாறியிருந்தது. பொதுக் குழாயில் தண்ணீர் பிடிக்க விடவில்லை. பால்காரர் வாசலுக்கு வரவில்லை. மூத்த பெண்ணோடு விளையாடப் பிள்ளைகள் இல்லை. இப்படிச் செய்தவர்கள் வேற்றூரார் அல்ல. ஞாயிறுதோறும் ஒரே பந்தியில் நற்கருணை வாங்குகிறவர்கள்.

தனிமை நாட்கள் முடிந்து, பயமில்லை என்று மருத்துவரும் சொன்ன பிறகு, அந்த மகள் நமக்குத் தொலைபேசியில் பேசினாள். "சாமி, பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கணும். கோவில் பூட்டியிருந்தாலும் பரவாயில்லை, வாசலில் வைத்துக் கொடுத்தால் போதும்" என்றாள். நாம் என்ன சொன்னோம்? "கொஞ்ச நாள் போகட்டும் அம்மா" என்றோம். நோய்க்குப் பயந்து அல்ல. ஊர் வாய்க்குப் பயந்து. "சாமியாரே அந்த வீட்டுக்குப் போய்விட்டு நம் வீட்டுக்கு வருகிறார்" என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று பயந்து. அந்தக் கொஞ்ச நாள் நான்கு மாதம் ஆயிற்று.

ஞானஸ்நானம் முடிந்த அன்று அவள் கோபமில்லாமல் ஒரு வார்த்தை சொன்னாள். "எனக்குக் காய்ச்சல்கூட வரலையே சாமி. மத்தவங்களுக்கு வரக்கூடாதுன்னுதானே என்னைப் பார்த்தாங்க. அப்புறம் ஏன் எல்லாரும் என்னை வெறுத்தாங்க?" நாம் பதில் சொல்லவில்லை. சொல்லப் பதில் இருக்கவில்லை.

லேவியராகமத்தைத் திருப்பிப் பார்த்தோம். தோல் நோய் கண்டவனைப் பரிசோதித்துப் பாளையத்திற்கு வெளியே அனுப்பும் சட்டம் அங்கே உண்டு, எல்லாருக்கும் தெரியும். அடுத்த அதிகாரத்தில் இன்னொன்று இருக்கிறது. அவன் குணமானால், அவனைப் பார்க்கக் குருவானவரே பாளையத்திற்கு வெளியே புறப்பட்டுப் போக வேண்டும். போய்ப் பார்த்து, சடங்கு செய்து, ஜனத்தோடு திரும்பச் சேர்க்க வேண்டும். அனுப்பும் சட்டத்தோடு அழைத்துவரும் சட்டமும் சேர்ந்தே இருக்கிறது. அந்தப் பாதியை நாம் செய்யவில்லை. அந்த மகளிடம் தனியே மன்னிப்புக் கேட்டோம். இன்று உங்கள் எல்லார் முன்னிலையிலும் கேட்கிறோம்.

இனி செய்ய வேண்டியது

2023 மே மாதத்தில் உலக சுகாதார நிறுவனம் கொரோனாவின் அவசர நிலை முடிந்தது என்று அறிவித்துவிட்டது. ஆனால் இன்னொரு தொற்று ஒருநாள் வரும். அப்போதும் நம் பெண்கள் பிள்ளை பெறுவார்கள். ஆகவே இந்தப் பொன்விழாவின் நினைவாகச் சிலவற்றைத் தீர்மானிக்க வேண்டுகிறோம்.

முதலாவது, பரிசோதனையை எதிர்க்க வேண்டாம். நியூயார்க்கில் அந்த 29 பேரைக் கண்டுபிடித்தது பரிசோதனைதான். மருத்துவர் சொன்னால் செய்துகொள்ளுங்கள். அதுபோலத் தடுப்பூசியும். கர்ப்பிணிகளுக்குக் கொரோனாத் தடுப்பூசி போடலாம் என்று நம் நாட்டில் 2021 ஜூலை 2-ஆம் தேதிதான் அனுமதி வந்தது. வந்த பிறகும் வதந்திக்கு அஞ்சித் தள்ளிப்போட்டவர்கள் உண்டு. இனி அப்படி வேண்டாம்.

இரண்டாவது, முடிவு வரவில்லை என்று வாசலில் நிறுத்தினால் வாதாட ஓர் ஆள் வேண்டும். வலியோடு நிற்பவள் வாதாட முடியாது. மாதர் சங்கத்தில் இருவர், வின்சென்ட் தே பவுல் சபையில் இருவர், எந்த நேரமும் கூடப் போகத் தயாராக இருக்கட்டும். வண்டிச் செலவைப் பங்கு ஏற்கும்.

மூன்றாவது, தனிமைப்பட்ட வீட்டிற்கு அரிசியும் பாலும் தண்ணீரும் அன்றன்று போய்ச் சேர வேண்டும். வாசலில் வைத்துவிட்டு, ஆறடி தள்ளி நின்று, பெயர் சொல்லிக் கூப்பிட்டு நலம் விசாரியுங்கள். அப்படிச் செய்தால் தொற்றும் ஆபத்து மிகக் குறைவு.

நான்காவது நமக்கு நாமே வைத்துக்கொள்ளும் தீர்மானம். இனி எந்தத் தொற்றின் பேராலும், மருத்துவர் பயமில்லை என்று சொன்ன பின், ஒரு நாள்கூட ஞானஸ்நானம் தள்ளிப்போகாது. தாய் வர முடியாவிட்டால் நாம் போவோம்.

நம் தேவதாய் கர்ப்பவதியாயிருந்த எலிசபெத்தம்மாளைத் தேடி மலைநாட்டிற்குப் போய், ஏறக்குறைய மூன்று மாதம் உடன் இருந்தார்கள். ஐம்பது ஆண்டு கண்ட நம் பங்கின் பெண்களுக்கும் அப்படி உடன் இருக்க ஆட்கள் வேண்டும். நாம் சொன்ன அந்த மகள் இன்று முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறாள். துணைக்குப் போகும் நால்வரில் முதல் பெயராகத் தன் பெயரைக் கொடுத்திருக்கிறாள். மீதி மூன்று பெயர்களைக் கூட்டம் கலைவதற்கு முன் நீங்கள் தர வேண்டும்.

இறைவன் உங்கள் எல்லாரையும் ஆசீர்வதிப்பாராக.