பூட்டு எப்பக்கம் திரும்பும்?



நான் சோழவரத்தில் வாழ்பவன். எங்கள் ஊருக்குப் பெருமை ஏரியால் வந்தது. ஏரி மதகின் கதவை ஏற்றி இறக்கத் திருகுகோல் ஒன்று உண்டு என்பதை நீங்கள் அறிவீர்கள். ஒரு பக்கம் திருகினால் கதவு ஏறும். மறுபக்கம் திருகினால் இறங்கும். பக்கம் தவறினால், திருகுபவன் எத்துணை வலியவனாயினும் அவன் உழைப்பு வீணே. இவ்வுண்மையை நான் நன்கு உணர்ந்தது மதகடியில் அன்று; ஒரு சிறு பூட்டின் முன்னே. உணர்த்தியவன் என் மாணவன்.

பல ஆண்டுகளுக்கு முன் இவ்வட்டாரத்துப் பள்ளியொன்றில் நான் தலைமை ஆசிரியனாக இருந்தேன். செய்முறைத் தேர்வு நாளன்று ஆய்வுக்கூட அலமாரியின் சாவியைக் காணவில்லை. சுத்தியல் கொண்டு வருமாறு கூறினேன். அப்போது ஒரு மாணவன் முன்வந்து, “ஐயா, உடைக்க வேண்டாம், நான் திறந்து பார்க்கட்டுமா?” என்றான். அவன் தந்தையார் சந்தைகளில் பூட்டுப் பழுது பார்ப்பவர். அவன் இரண்டு கம்பிகளைக் கொண்டு சில நிமிடங்களில் பூட்டைத் திறந்துவிட்டான். நானோ பாராட்டவில்லை. “இதை எங்கே கற்றாய்?” என்று ஐயத்தோடு வினவினேன்.

இரண்டு வாரங்கள் சென்றன. என் மேசை இழுப்பறையில் பூட்டி வைத்திருந்த தேர்வுக் கட்டணப் பணத்தைக் காணவில்லை. என் எண்ணம் யாரிடம் சென்றது என்று நான் சொல்லவும் வேண்டுமோ? அவனை அழைத்து விசாரித்தேன். “ஐயா, திருட நினைப்பவன் தனக்குப் பூட்டுத் திறக்கத் தெரியும் என்று எல்லார் முன்னிலையிலும் காட்டுவானா?” என்றான். அவன் கண்கள் கலங்கின. மறுநாள் அப்பணம் பதிவேடு ஒன்றின் நடுவே, நானே வைத்து மறந்த உறையில் கிடைத்தது. காலை வணக்கக் கூட்டத்தில் அனைவர் முன்னும் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அன்று மாலை அவன் என் அறைக்கு வந்து, “பூட்டுக்குள் என்ன இருக்கிறது என்று காட்டட்டுமா, ஐயா?” என்றான். தலைமை ஆசிரியன் மாணவனானேன்.

நாம் நாள்தோறும் கையாளும் பூட்டுகளிற் பலவற்றின் உள்ளே ஓர் உருளை இருக்கிறது. சாவி நுழைவது அவ்வுருளையில்தான். அதனைத் திரும்பவொட்டாமல் ‘பின்’ எனப்படும் சிறு பித்தளைத் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக நின்று தடுக்கின்றன. அவற்றை மேலிருந்து சுருள்வில் அழுத்துகிறது. உரிய சாவியின் பற்கள் ஒவ்வொரு பின்னையும் உரிய உயரத்திற்கு உயர்த்துகின்றன. இரு துண்டுகளுக்கு இடைப்பட்ட பிரிவு உருளையின் விளிம்போடு ஒத்து நிற்கும்போது தடை நீங்குகிறது, உருளை சுழல்கிறது. மரப் பின்களால் ஆகிய இம்முறைப் பூட்டுப் பண்டை எகிப்தில் இருந்தது. லைனஸ் யேல் என்னும் அமெரிக்கர் 1861-ஆம் ஆண்டிலும் 1865-ஆம் ஆண்டிலும் பெற்ற காப்புரிமைகளால் இன்றைய வடிவம் பரவிற்று.

சாவியின்றித் திறக்க முயல்வோன் கைக்கொள்ளும் கருவிகள் இரண்டே. ஒன்று, முனை மடிந்த தட்டைக் கம்பி. உருளையைத் திருப்புவது இது. மற்றொன்று, நுனி வளைந்த மெல்லிய கம்பி. பின்களை ஒவ்வொன்றாக உயர்த்துவது இது. என் மாணவன் முன்னதைக் குடைக்கம்பியிலும், பின்னதை ஹேக்ஸா பிளேடின் துண்டிலும் அராவிச் செய்திருந்தான்.

உருளையும் கூடும் எத்துணை நுட்பமாகச் செய்யப்பட்டாலும் அவற்றின் துளைகள் மயிரிழையேனும் பிசகியே இருக்கும். ஆதலின் உருளையை மெல்லத் திருப்ப முயன்றால் எல்லாப் பின்களும் ஒருசேர இறுகுவதில்லை. ஒன்றே முதலில் இறுகும். அதனை உயர்த்தி நிறுத்தினால் அடுத்தது இறுகும். கை அழுத்தம் மிகுந்தால் யாவும் இறுகி அசையமாட்டா. குறைந்தால் நிறுத்தியவை மீண்டும் விழும்.

திசை இங்கேதான் வருகிறது. தொங்குபூட்டுகளிற் பெரும்பாலானவை வலஞ்சுழியாகத் திறக்கும். சில இருபுறமும் திரும்பும். கதவுப் பூட்டுகளோ பொருத்திய முறைக்கேற்ப மாறும். திறவாத திசையில் அழுத்தினாலும் பின்கள் இறுகத்தான் செய்யும். அரை மணி நேரம் உழைத்த பின்னரே பூட்டுத் திறவாது என்பது விளங்கும். எனவே, பழகப் புகுவோர் முதலில் தம் பூட்டைத் தம் சாவியாலேயே திறந்து, அது எப்பக்கம் திரும்புகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். பயன்பாட்டிலுள்ள பூட்டிற் பழகுதல் ஆகாது, அது பழுதாகக்கூடும்.

இக்கலையைக் கற்பித்தல் தீதன்றோ என்று சிலர் கேட்பர். 1851-ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் பெரும் பொருட்காட்சி நடந்தபோது, ஆல்பிரட் ஹாப்ஸ் என்னும் அமெரிக்கர், எவராலும் திறக்கவொண்ணாது எனப் பெயர்பெற்ற சப் நிறுவனப் பூட்டை ஏறக்குறைய 25 நிமிடங்களில் திறந்தார். திறப்பவருக்கு 200 கினி பரிசு என்று அறிவித்துக் கடைச் சாளரத்தில் வைக்கப்பட்டிருந்த பிராமா பூட்டையும், 16 நாட்களில் ஏறத்தாழ 51 மணி நேரம் உழைத்துத் திறந்தார். நாடே திகைத்தது. ஆயினும் பூட்டுச் செய்வோர் குறையுணர்ந்து திருத்திக்கொள்ள அது தூண்டுகோலாயிற்று. நம் திண்டுக்கல்லில் இரும்பைக் கையால் அராவி, நெம்புத் தகடுகளை அடுக்கி, மாங்காய்ப் பூட்டுச் செய்யும் தொழிலாளரும் திறக்கும் வழிகளை அறிந்தே காக்கும் வழிகளை வகுக்கின்றனர். அப்பூட்டிற்கு 2019-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது.

ஆனால் எல்லை ஒன்று உண்டு. உங்களுக்கு உரிய பூட்டு, அல்லது உரியவர் இசைவு தந்த பூட்டு. இவ்விரண்டன்றி வேறெதனையும் தொடாதீர்கள். தீய நோக்கோடு பிறர் வீட்டுப் பூட்டைத் திறத்தல் சட்டப்படி குற்றமாகும்.

என் மாணவன் இன்று கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் அச்சுக் கருவிகள் செய்யும் பிரிவில் பணிபுரிகிறான். அவன் விரல்கள் அறிந்தது ஒரு திறமை. அதனை அவன் திருப்பிய திசை நேரானது. நானோ அன்று அவனைத் தவறான பக்கம் திருப்பிப் பார்த்தேன். வலிந்து அழுத்தவும் செய்தேன். மாணவனின் மனமும் நுண்ணிய பூட்டே. அதனைத் திறக்க வேண்டுவது மெல்லிய கையும் பொறுமையும். அன்று முதல் எந்த மாணவனையும் விசாரிக்குமுன் என் இழுப்பறையையும் பதிவேடுகளையும் நானே ஒருமுறை தேடிப் பார்ப்பதை வழக்கமாகக் கொண்டேன்.