நம் தெருவோரத்துக் கால்வாய்

(அறக்கட்டளையின் மாதாந்திரக் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று கால்வாயைப் பற்றிப் பேசப் போகிறோம் என்று சொன்னதும் சிலர் முகம் சுளித்ததைப் பார்த்தோம். சுளிக்காமல் என்ன செய்வது? திருவல்லிக்கேணியிலும் ஜாம்பஜார் பக்கத்திலும் குடியிருக்கும் நமக்குப் பக்கிங்காம் கால்வாய் என்றால் கொசு, நாற்றம், மழைக்காலத்தில் வீட்டுக்குள் வரும் கறுப்புத் தண்ணீர், இவைதான். இளம்பிள்ளைகள் பலர் அதைச் சாக்கடை என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கால்வாய் என்ற பெயரே அவர்களுக்குப் புதிது. ஆனால் கரையோரத்தில் மட்டும் நம் அறக்கட்டளையோடு தொடர்புள்ள பல குடும்பங்கள் இருக்கின்றன. கால்வாயைச் சீரமைக்கப் போகிறார்கள் என்ற பேச்சு எழும்போதெல்லாம் அந்த வீடுகளில் தூக்கம் போய்விடுகிறது. அதனால்தான் இதை எடுத்துக்கொண்டோம்.

முதலில் பழைய கதை. 1806-இல் பேசில் காக்ரேன் என்ற வெள்ளைக்காரர் முதல் போட்டு, சென்னையிலிருந்து வடக்கே எண்ணூர் வரை 11 மைல் நீளத்துக்கு ஓர் உப்புநீர்க் கால்வாய் வெட்டப்பட்டது. அன்றைக்கு அதன் பெயர் காக்ரேன் கால்வாய். பிறகு அரசு அதை எடுத்துக்கொண்டு பழவேற்காடு வரை நீட்டியது. நம் மரக்காயர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் அதே பழவேற்காடுதான். கடலோரத்தில் ஏற்கெனவே இருந்த உப்பங்கழிகளை ஒன்றோடொன்று இணைத்துக்கொண்டே போனதால் வேலை சுலபமாக இருந்தது. கடைசியில் வடக்கே ஆந்திரத்தின் பெத்தகஞ்சாம் முதல் தெற்கே மரக்காணம் வரை சுமார் 420 கிலோமீட்டர் நீண்டது. அதில் 163 கிலோமீட்டர் தமிழ்நாட்டில் இருக்கிறது.

இவ்வளவு நீளத்திலும் நம் வீட்டருகே ஓடுகிற துண்டுதான் கண்ணீர் கலந்த துண்டு. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கிற சுமார் 8 கிலோமீட்டர் அது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டியதே தாது வருடப் பஞ்சம், அந்தப் பஞ்சத்தில் வேலை தேடி நகரத்துக்கு வந்த ஏழைகளைக் கொண்டு 1877-78-இல் வெட்டியது. அக்காலத்து நிவாரண வேலைகளுக்கு 1877-இல் விதித்த கூலி என்ன தெரியுமா? ஓர் ஆணுக்கு நாளைக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓர் அணாவும். பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் அதைவிடக் குறைவு. எலும்பும் தோலுமாக வந்தவர்கள் அந்தக் கூலிக்கு மண் சுமந்தார்கள். பஞ்சத்தில் இறந்தவர்கள் பல இலட்சம். கால்வாய்க்கு வைத்த பெயரோ அப்போது கவர்னராக இருந்த பக்கிங்காம் பிரபுவுடையது. மண் சுமந்தவர்களில் ஒருவர் பெயரும் நமக்கு மிச்சமில்லை.

வேலை முடிந்ததும் வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் தோணிகள் நகருக்குள்ளேயே வர ஆரம்பித்தன. அரிசி, விறகு, கரி, கிளிஞ்சல், உப்பு எல்லாம் வந்தன. பேசின் பிரிட்ஜ் என்று தினமும் சொல்கிறோமே, அந்த ‘பேசின்’ தோணிகள் நிற்பதற்காக வெட்டிய நீர்நிலைதான். பக்கத்தில் ரயில்வே சரக்கு முனையத்துக்கு சால்ட் கோட்டார்ஸ் என்று பெயர். உப்புக் கொட்டாரங்கள் இருந்த இடம். மயிலாப்பூரில் தண்ணீர்த்துறை மார்க்கெட் இருக்கிறது. தண்ணீரே கண்ணில் படாத இடத்துக்கு அப்படி ஒரு பெயர் வந்தது தோணித்துறை இருந்ததால்தான். இன்னொரு வேடிக்கையும் உண்டு. கால்வாய்மேல் கட்டிய ஹாமில்டன் பாலம் நம் மக்கள் வாயில் அம்பட்டன் வாராவதி ஆனது. அதை மறுபடி இங்கிலீஷில் ‘பார்பர்ஸ் பிரிட்ஜ்’ என்று மொழிபெயர்த்துவிட்டார்கள்! ஊர்ப்பெயர்களை ஆராய்கிறவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

தோணி எப்படி ஓடியது? காற்று இருந்தால் பாய். இல்லையென்றால் ஆள்தான். ஒருவர் கரையில் நடந்து கயிற்றால் இழுப்பார், இன்னொருவர் கழியை ஊன்றித் தள்ளுவார். பாரதிதாசன் நண்பர்களோடு இந்தக் கால்வாய் வழியே மாமல்லபுரம் போனபோது, இழுத்துக்கொண்டு நடந்தவர்களின் பாட்டைப் பார்த்து மனம் நொந்து ‘மாவலிபுரச் செலவு’ என்று ஒரு கவிதை எழுதினார். பள்ளிப் பிள்ளைகள் தேடிப் படிக்க வேண்டும்.

பிறகு ஏன் பாழானது? ரயிலும் லாரியும் வந்தன, சரக்கு குறைந்தது. 1965, 66 புயல்களிலும் 1976 புயலிலும் கரைகள் உடைந்து மண் தூர்ந்தது. அதற்குப் பிறகு யாரும் அக்கறையாகச் செப்பனிடவில்லை. போக்குவரத்து நின்றதும் நகரத்தின் கழிவுநீருக்கு அது வசதியான வழியாகிவிட்டது. இது கடல் ஏற்ற இறக்கத்தால் உயிர்வாழ்கிற கால்வாய் என்பதை நினைவில் வையுங்கள். ஓதம் ஏறினால் கடல்நீர் கூவம், அடையாறு முகத்துவாரங்கள் வழியே உள்ளே வரும். இறங்கும்போது அழுக்கை இழுத்துக்கொண்டு போகும். முகத்துவாரத்தை மணல் அடைத்துவிட்டால் அந்த மூச்சு நின்றுபோகிறது. சென்னைத் துறைமுகம் கட்டியபின் தெற்கிலிருந்து வரும் மணல் தேங்கித் தேங்கித்தான் மெரினா இவ்வளவு அகலமானது. அதே மணல்தான் கூவத்தின் வாயையும் அடைக்கிறது.

இதற்குமேல் பறக்கும் ரயில் வந்தது. 1995-இல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை ஓடத் தொடங்கி 2007-இல் வேளச்சேரியை எட்டியது. அதன் தூண்களில் பல கால்வாய்க்குள்ளேயே நிற்கின்றன. சில இடங்களில் கால்வாயின் அகலம் பாதிக்கும் கீழே போய்விட்டது. ரயிலால் நமக்கும் நன்மை உண்டு, நாமும்தான் ஏறிப் போகிறோம். ஆனால் “ஆக்கிரமிப்பு” என்று பேச்சு வரும்போது கரையில் ஓலையும் தகரமும் போட்டவர்களை மட்டும் விரல் நீட்டுவது நியாயமில்லை என்பது எங்கள் கருத்து.

“செத்துப்போன கால்வாய்தானே, மூடி ரோடு போட்டுவிடலாமே” என்று நம்மில் சிலரே சொல்கிறார்கள். அவர்களுக்கு இரண்டு விஷயம் சொல்கிறோம். 2004 டிசம்பரில் சுனாமி வந்தபோது சென்னைக்கு வடக்கே கடலோரமாகப் பல இடங்களில் இந்தக் கால்வாய் தண்ணீரை வாங்கிக்கொண்டு, சில நிமிடங்களில் கடலுக்கே திருப்பி அனுப்பியது. அதனால் தப்பித்த மீனவர்கள் உண்டு. இரண்டாவது மழை. தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்து நீர் ஒக்கியம் மடுவு வழியாக இந்தக் கால்வாயில் விழுந்துதான் கோவளம் கழிமுகத்துக்குப் போக வேண்டும். 2015 டிசம்பரில் நாம் படகில் உணவுப் பொட்டலம் கொண்டுபோனது நினைவிருக்கிறதா? தண்ணீர் போக வழியில்லாவிட்டால் அது படுக்கையறைக்குத்தான் வரும். மூடுவது தீர்வே அல்ல.

ஆகவே சீரமைப்பு வேண்டும். அதை நாம் எதிர்க்கக் கூடாது. ஆனால் எப்படிச் செய்வது என்பதில் நமக்குச் சொல்ல வார்த்தை இருக்கிறது. கழிவுநீர்க் குழாய்களைத் தடுக்காமல் தூர் மட்டும் வாரினால் அடுத்த வருடமும் அதே சேற்றைத்தான் வாருவார்கள். முகத்துவார மணலையும் தொடர்ந்து அகற்ற வேண்டும். தூண்களுக்கு நடுவே அடைந்திருக்கும் கட்டட இடிபாடுகளை எடுக்க வேண்டும். இவற்றையெல்லாம் விட்டுவிட்டு வீடுகளை இடிப்பதிலிருந்து தொடங்கினால் அதைச் சீரமைப்பு என்று எங்களால் ஒப்புக்கொள்ள முடியாது.

நீர்நிலைக் கரைகளில் இருந்து அகற்றப்பட்ட ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் பகுதிகளில் குடியமர்த்தப்பட்டன. பெரும்பாக்கம் இங்கிருந்து 20 கிலோமீட்டருக்கும் மேல். வீட்டு வேலைக்கும் மீன் விற்கவும் பிரியாணிக் கடைக்கும் போகிற நம் பெண்கள், விடியும் முன் பஸ் ஏற வேண்டிய தூரம். பிள்ளைகளின் படிப்பு நடுவில் அறுந்துபோகிறது. கான்கிரீட் வீடு கிடைக்கிறதே என்று சொல்வார்கள். வீடு கிடைத்து வேலை போனால் அந்த வீட்டில் அடுப்பு எரிவது எப்படி? போக வேண்டியவர்களுக்கு அருகிலேயே இடம், படிப்பாண்டு முடியும் வரை அவகாசம், கணக்கெடுப்பில் வாடகைக்கு இருப்பவர்களையும் சேர்த்தல், இந்த மூன்றையும் கேட்டு மனு எழுதியிருக்கிறோம். ஜமாஅத் பெரியவர்கள் கையெழுத்திட்டிருக்கிறார்கள். கரையில் நம்மோடு வாழும் மற்ற சமயத்தார் வீடுகளுக்கும் சேர்த்துத்தான் அந்த மனு.

நம் பக்கத்திலும் ஒரு வேலை இருக்கிறது. தண்ணீரை அசுத்தப்படுத்துவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள் என்பதும், பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது தர்மம் என்பதும் மதரஸா பிள்ளைக்கும் தெரியும். அப்படியிருக்க குர்பானி முடிந்த மாலையில் கழிவு மூட்டைகள் கால்வாயில் மிதப்பதேன்? இந்த வருடம் பெருநாளுக்கு மூன்று நாள் முன்பே தெருவுக்கு ஒரு தொட்டி வைத்து, மாநகராட்சி வண்டிக்குச் சொல்லிவிட ஏற்பாடு செய்கிறோம். கடைக்காரர்கள் கோழிக்கழிவையும் அதே தொட்டியில் போட வேண்டும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அஸர் தொழுகைக்குப் பின் இதே மண்டபத்தில் கரையோரக் குடும்பங்களின் பட்டியல் எடுக்கிறோம். ரேஷன் கார்டு, ஆதார், பிள்ளைகளின் பள்ளிச் சான்று, மின்கட்டண ரசீது, எது இருக்கிறதோ அதன் நகல் கொண்டுவாருங்கள். ஒன்றுமே இல்லாதவர்களும் கட்டாயம் வாருங்கள், பெயரையாவது முதலில் எழுதிக்கொள்வோம். பெண்கள் தனியாக வந்தாலும் பதிவு செய்துகொள்ள நம் மகளிர் குழுவினர் இருப்பார்கள், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.